சென்சரி ஓவர்லோடு: தமிழில் என்ன? (வியாழன் அச்சு)

க., மதுரை:
குழுவினருக்கு வணக்கம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு நாலு பக்கக் கையேடு போடுகிறோம். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவது, காலர் லேபிள் உறுத்துகிறதென்று சட்டையைக் கழற்றி எறிவது, கல்யாண மண்டபத்தில் மேளம், வெளிச்சம், கூட்டம், பந்தி வாசனை எல்லாம் சேர்ந்து தாக்க, தரையில் சுருண்டுவிடுவது. இந்த நிலைக்குப் பெயர் வேண்டும். 'அடம்' என்று சொல்லி வீட்டில் அடிக்கிறார்கள். 'புலன் மிகைச்சுமை' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

இரா., தஞ்சாவூர்:
மிகைக்குக் குற்றம் என்றும் பொருளுண்டு அம்மா, பெற்றோர் கையில் கொடுக்கும் தாளில் வேண்டாம். 'சுவைஒளி ஊறுஓசை நாற்றம்' என்கிறாரே வள்ளுவர், அந்த ஊறு நமக்குப் போதும். பெறு பேறானது போல உறு ஊறாயிற்று. தொடுவுணர்வும் ஊறு, துன்பமும் ஊறு. லேபிள் 'உறுத்துகிறது' என்கிறீர்களே, அதுவும் இதே உறுதான். 'புலனூறு' என்று வையுங்கள்.

மீ., சென்னை:
> 'புலனூறு' என்று வையுங்கள்

ஐயா, என்னிடம் தெரபிக்கு வரும் அம்மாக்கள் இதை ஊறுகாய் வகை என்றுதான் நினைப்பார்கள். 'சென்சரி ஓவர்லோடு' என்றே போடுங்கள், டாக்டர் வாயிலும் அதுதான் வருகிறது. தவிர, இது ஐந்து புலனோடு முடிகிற கதை இல்லை. உட்காதில் இருக்கும் சமநிலை உணர்வு, தசையும் மூட்டும் சொல்லும் உடல்நிலை உணர்வு இரண்டும் உண்டு. ஊஞ்சலை விட்டு இறங்காத பிள்ளையும் இந்தக் கணக்கில்தான் வரும். 2013இல் வந்த டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறி கையேடு), புலன்களுக்கு அதிகமாக உறைப்பதையும் குறைவாக உறைப்பதையும் சேர்த்தே ஆட்டிசத்தின் அடையாளங்களில் வைத்தது.

சொல் எதுவானாலும் கீழே இதைப் போடுங்கள்: மிக்ஸி போடுமுன் பிள்ளையிடம் சொல்லுங்கள், வேண்டுமானால் அடுத்த அறைக்குப் போகட்டும். லேபிளை வெட்டுங்கள், தையலும் உறுத்தினால் உள்ளே மெல்லிய பருத்தி பனியன். மண்டபத்தில் முதலில் ஒதுக்கிடம் பார்த்து வையுங்கள். பட்டாசு நாளில் காதுமூடி. கத்தும்போது உபதேசம் வேண்டாம்.

இரா., தஞ்சாவூர்:
ஐந்தோடு நிற்கவில்லை என்று தொல்காப்பியரும் 'ஆறறி வதுவே அவற்றொடு மனனே' என்றார். அது கிடக்கட்டும். ஆட்டிசத்தை ஏன் விட்டுவைத்தீர்கள்? மதியிறுக்கம் இருக்கிறதே.

மீ., சென்னை:
மதியில் என்ன இறுக்கம்? அந்தச் சொல்லைக் கேட்டு அழுத அப்பாவை எனக்குத் தெரியும்.

சி., யாழ்ப்பாணம்:
நாங்கள் ஓட்டிசம் எண்டே எழுதுறம், சனத்துக்கு விளங்குது. மற்றதுக்கு, கோயில் திருவிழாவில சனம் நெரியுற மாதிரிப் புலன்கள் நெரியுது. 'புலன் நெரிசல்' எண்டால் என்ன?

க., மதுரை:
இது என் ஆயாவுக்கும் புரிந்தது. மூன்று பேர் தனிமடலில் சரி என்றுவிட்டார்கள். 'புலன் நெரிசல் (சென்சரி ஓவர்லோடு)' என்று போட்டு இன்றிரவே அனுப்புகிறேன்.

இரா., தஞ்சாவூர்:
பலர் முட்டினால்தான் நெரிசல். அமைதியான அறையில் மிக்ஸி ஒன்றே ஒன்று இரைந்து பிள்ளை அலறினால், அங்கே எது எதோடு நெரிகிறது? ஊறு என்றால் ஒன்றுக்கும் பொருந்தும், பலவற்றுக்கும் பொருந்தும். அச்சேறினாலும் என் மறுப்பு நிற்கட்டும்.

மீ., சென்னை:
குறைவாக உறைப்பதற்கு இன்னும் சொல் இல்லை. 'மந்தம்' என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள்.