நடைவண்டியா, ஏறி ஓட்டும் காரா? 11 மாதக் குழந்தைக்கு எதை வாங்குவது?

கேள்வி: பாப்பாவின் அம்மா, திருப்பூர்

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு இந்த வாரத்துடன் 11 மாதம் நிறைவடைகிறது. கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்து நிற்கிறாள். சோபாவைப் பிடித்தபடியே பக்கவாட்டில் நாலைந்து அடி நகர்கிறாள். கையை விட்டால் பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறாள். முதல் பிறந்த நாளுக்கு அவளுடைய தாய்மாமன் ஒரு வண்டி வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் பார்த்து வைத்திருப்பது, முதுகுச் சாய்மானத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடக்கவும், பிறகு மேலே உட்கார்ந்து காலால் உந்தி ஓட்டவும் உதவும் பிளாஸ்டிக் கார். என் மாமியாரோ, வட்டச் சட்டத்தின் நடுவில் குழந்தையை உட்கார வைக்கும் வாக்கர்தான் வேண்டும், அதில் விட்டுவிட்டால் அடுப்படி வேலையை நிம்மதியாகப் பார்க்கலாம் என்கிறார். என் அப்பா, நானும் அண்ணனும் நடை பழகிய மூன்று சக்கர மர நடைவண்டியைத் தவிர வேறு எதையும் காது கொடுத்துக் கேட்கவே மறுக்கிறார்.

எங்கள் வீடு முதல் மாடியில் இருக்கிறது. தரை முழுவதும் வழவழப்பான டைல்ஸ். இந்த மூன்றில் எது பொருந்தும், கடையில் எதையெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டும், பாட்டும் விளக்கும் உள்ள வண்டி அவசியந்தானா என்பதை அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: இயன்முறை மருத்துவர், மதுரை

வணக்கம் சகோதரி. குழந்தைகளுக்கான இயன்முறைச் சிகிச்சையில் பணிபுரிகிறேன். வண்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன், அவசரம் எதுவும் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளின் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகளின்படி, பிடிமானத்தோடு நடப்பது 5.9 மாதம் முதல் 13.7 மாதத்துக்குள்ளும், தனியாக நடப்பது 8.2 மாதம் முதல் 17.6 மாதத்துக்குள்ளும் எப்போது வேண்டுமானாலும் நிகழலாம். உங்கள் மகள் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறாள். 18 மாதம் ஆகியும் தனியாக நடக்கவில்லை என்றால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாமியார் சொல்லும் வாக்கரை வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதில் தொங்கும் குழந்தை பெரும்பாலும் நுனிக்காலால் உந்துகிறதே தவிர, தன் எடையைத் தானே தாங்கிச் சமநிலை பழகுவதில்லை. தன் பாதம் எங்கே படுகிறது என்பதைக்கூடச் சுற்றியுள்ள தட்டு மறைத்துவிடுகிறது. அதைவிடப் பெரிய கேடு அதன் வேகம். நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் குழந்தை படிக்கட்டின் விளிம்புக்குப் போயிருக்கும், அல்லது மேசை மேல் இருக்கும் சூடான காபிக்குக் கை நீட்டியிருக்கும். கனடா 2004 ஏப்ரலில் இந்த வகை வாக்கரின் விற்பனை, இறக்குமதி, விளம்பரம் ஆகிய மூன்றையும் தடை செய்தது. பழையதைப் பிறருக்கு விற்பதும்கூட அங்கே குற்றம். மாடி வீட்டில் இருக்கும் உங்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால், மாமியார் உண்மையில் கேட்பது நடைப் பயிற்சியை அல்ல, அரை மணி நேரம் குழந்தையைப் பத்திரமாக விட்டு வைக்க ஓர் இடத்தை என்று எனக்குத் தோன்றுகிறது. அது நியாயமான தேவை. கூடத்தின் ஒரு மூலையைத் தடுப்பு வைத்து அடைத்து, பாய் விரித்து, நாலு பாத்திரங்களைப் போட்டுக் கொடுத்தால் அந்தத் தேவை தீர்ந்துவிடும்.

மற்ற இரண்டும் வெவ்வேறு வேலைக்கானவை. பிடித்துத் தள்ளும் வண்டி, நின்ற நிலையில் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றப் பழக்குகிறது. உங்கள் மகளுக்கு இப்போது வேண்டியது அதுதான். உட்கார்ந்து உந்துவது தொடைக்கு நல்ல வேலை என்றாலும் அதனால் நடை வந்துவிடாது. நன்றாக நடக்கத் தொடங்கிய பிறகுதான் பெரும்பாலான குழந்தைகள் அதை ரசிக்கிறார்கள். அப்போதும் பலர் முதலில் பின்னோக்கித்தான் ஓட்டுவார்கள். அதைக் கண்டு கவலைப்பட வேண்டாம். எந்த வண்டியானாலும், வீட்டுக்குள் வெறுங்காலோடு விடுங்கள்.

பதில்: இரட்டையர் தாய், சேலம்

நாங்கள் பட்டதைச் சொல்கிறேன், தோழி. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நீங்கள் சொல்வதைப் போன்ற பிளாஸ்டிக் கார் ஒன்று எங்கள் வீட்டுக்கும் அன்பளிப்பாக வந்தது. என் மூத்தவன் தரையில் உட்கார்ந்திருந்தவன், அதன் சாய்மானத்தைப் பற்றி எழ முயன்றான். காரின் முன்பக்கம் குதிரை போலத் தூக்கிக்கொண்டது. காரோடு சேர்ந்து மல்லாந்து விழுந்ததில் பின்மண்டையில் எலுமிச்சையளவு வீங்கிவிட்டது. நல்லவேளையாக அதற்கு மேல் ஒன்றுமில்லை. அன்றிரவு காரைத் திருப்பிப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. அந்தச் சாய்மானம் பின்சக்கரங்களுக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. குழந்தை அதைப் பிடித்துத் தொங்கும்போது மொத்த எடையும் சக்கரத்துக்கு வெளியே இறங்குகிறது. வண்டி கவிழாமல் என்ன செய்யும்?

ஆகவே, இணையத்தில் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். கடையில் வண்டியைத் தரையில் வைத்து, சாய்மானத்தின் உச்சியை உள்ளங்கையால் கீழ்நோக்கியும் உங்கள் பக்கமாகவும் நன்றாக அழுத்துங்கள். முன்சக்கரம் எழும்பினால் அந்த வண்டி வேண்டாம். சிலவற்றில் பின்புற அடிப்பகுதியில் தரையை ஒட்டியபடி ஒரு தடுப்புக் கட்டை இருக்கும். அது இருப்பது நல்லது. உட்காரும் இடத்துக்குக் கீழே பெட்டி இருந்தால், 2 கிலோ அரிசியைப் பையில் கட்டி உள்ளே வைத்துவிடுங்கள். வண்டி முன்னால் ஓடுவதும் குறையும், தூக்குவதும் குறையும்.

உயரத்தை அளக்க ஒரு வழி உண்டு. குழந்தையைச் சுவரோடு நிற்க வைத்து, கால் இடுக்கிலிருந்து தரை வரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். இருக்கையின் உயரம் அந்த அளவைவிட இரண்டு விரற்கடை குறைவாக இருந்தால்தான், உட்கார்ந்ததும் இரண்டு பாதங்களும் தரையில் முழுமையாகப் படியும். பாட்டும் விளக்கும் எங்கள் வீட்டில் மூன்றே நாளில் தலைவலியாகிவிட்டன. அது தவிர, பேட்டரி அறையின் மூடி ஸ்க்ரூ போட்டு மூடப்பட்டிருக்க வேண்டும். பொத்தான் அளவுள்ள பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாய் அரித்துப் புண்ணாகிவிடும்.

பதில்: கடைசல் பட்டறை, அம்பாசமுத்திரம்

வணக்கம் அம்மா. உங்கள் அப்பாவின் கட்சி நான். இருந்தாலும், மர நடைவண்டி என்றாலே நல்லது என்று சொல்லமாட்டேன். சந்தையில் கிடைப்பதில் பாதி, இரண்டு மாதம் தாங்காத ஆட்டக்கால் வண்டிகள்.

கைப்பிடிக் கட்டையைப் பாருங்கள். அது பின்சக்கரங்களின் அச்சுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ நிற்க வேண்டும். மேலே சகோதரி சொன்ன அதே கணக்குதான். பின்சக்கரங்களுக்கு இடையே குழந்தையின் இரண்டு கால்களும் தாராளமாக வீசி நடக்கும் அகலம் வேண்டும். குறுகலாக இருந்தால் வண்டி பக்கவாட்டில் சாயும், கணுக்காலும் இடிபடும். கைப்பிடி, நிற்கும் குழந்தையின் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவே வந்தால் போதும்.

உங்கள் வீட்டு டைல்ஸ் தரையில் வெறும் மரச் சக்கரம் பனிக்கட்டியில் ஓடுவதைப் போல ஓடும். குழந்தையின் கால் பின்தங்கி, முகம் குப்புற விழும். இதற்குப் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சக்கரத்தைச் சுற்றி ஒட்டிவிடுவோம். சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு தோல் வாஷரைக் கொடுத்து நட்டை அரைச் சுற்று இறுக்கினால் வண்டி மெதுவாக, குழந்தையின் அடிக்கு ஏற்ப நகரும். நடை தேறத் தேற, நட்டைத் தளர்த்திக்கொள்ளலாம். இந்த வசதி எந்தப் பிளாஸ்டிக் காரிலும் கிடையாது.

குழந்தை கைப்பிடியைக் கடிக்காமல் விடாது. எனவே பளபளக்கும் எனாமல் பெயின்ட் அடித்ததை வாங்காதீர்கள். கர்நாடகத்தின் சன்னபட்டணத்தில் செய்வது போல, கடைசலில் சுழலும் மரத்தின் மீது அரக்குக் குச்சியை அழுத்தி, உராயும் சூட்டிலேயே உருகிப் படியச் செய்த மெருகு நல்லது. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளில் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்வதற்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே, தொழிற்சாலையில் செய்த காரில் முத்திரையைத் தேடுங்கள். கைவினை வண்டியில் ஆணி முனை, சிராய், மரவெடிப்பு ஆகியவற்றை விரலால் தடவிப் பாருங்கள்.

தெய்வத்தையோ தலைவரையோ குழந்தையாகப் பாவித்துப் பாடும் பிள்ளைத்தமிழில், சிறு தேர் உருட்டி விளையாடும் சிறுதேர்ப் பருவத்தை ஆண்பாலுக்கு மட்டுமே வைத்துவிட்டார்களே என்று எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. உங்கள் பெண் உருட்டட்டும்.

மீண்டும்: பாப்பாவின் அம்மா, திருப்பூர்

மூவருக்கும் மிக்க நன்றி. அண்ணனும் நானும் நேற்றுக் கடைக்குப் போய்ச் சாய்மானத்தை அழுத்திப் பார்த்தோம். அவர் தேர்ந்தெடுத்த காரின் முன்சக்கரம் அந்தரத்தில் எழும்பியது. போதாக்குறைக்கு இருக்கையின் உயரம் 28 செ.மீ.; பாப்பாவின் கால் அளவு 26 செ.மீ. காரை ஒன்றரை வயதில் பார்த்துக்கொள்ளலாம் என்று அண்ணனே சொல்லிவிட்டார். மாமியாருக்குத் தடுப்பு போட்ட மூலை பிடித்துவிட்டது. தம் பங்குக்கு இட்லித் தட்டையும் இரண்டு கரண்டியையும் அதில் போட்டிருக்கிறார்.

அப்பா ஊரிலிருந்து எங்கள் பழைய நடைவண்டியையே கொண்டுவந்துவிட்டார். சாயம் முழுவதும் போய்விட்டது, சட்டம் மட்டும் உறுதியாக இருக்கிறது. டியூப் ஒட்டி, வாஷர் போட்டு, நட்டை இறுக்கியாயிற்று. பாப்பா அதை இன்னும் தள்ளவில்லை. காலை முழுவதும் அதைக் கவிழ்த்துப் போட்டு முன்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒட்டிய டியூப்பின் ஒரு முனையையும் பிய்த்துவிட்டாள். பட்டறை ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி: டியூப்பை ஒட்ட நீங்கள் எந்தப் பசையைப் பயன்படுத்துகிறீர்கள்?