வெங்காயம் ஏத்தின பிக்கப் அதிவேகப் பாதையில ஏறலாமோ?

கேள்வி: லொறி எண்டு பதிஞ்ச சிங்கிள் கப் பிக்கப். சுன்னாகத்தில வெங்காயம் ஏத்திக் கொழும்புக்குப் போகவேணும். குருநாகலில அதிவேகப் பாதையில ஏற விடுவாங்களோ? பின்னால ஒரு பொடியனும் வருவான்.

பதில் 1: பிக்கப் போகலாம். மோட்டார் சைக்கிள், ஓட்டோ, உழவு இயந்திரம்தான் தடை. பொடியனைப் பெட்டியில இருத்தாதேங்கோ, வாசலிலயே திருப்பிவிடுவாங்கள். முன் சீற்றில பெல்ற் போட்டு இருக்கட்டும். வேகம் 60க்குக் குறையக்கூடாது, 100ஐத் தாண்டக்கூடாது. மீரிகமயில இறங்கி மிச்சத்தைச் சாதாரண றோட்டாலதான் ஓடவேணும்.

பதில் 2: படங்குதான் தம்பி முக்கியம். முன்விளிம்பைக் கப்போட (சாரதி இருக்கிற அறையோட) ஒட்டி, மூட்டைக்குக் கீழ மடிச்சுக் கட்டுங்கோ. அதில காத்துப் பூந்தால் 80இலயே படங்கு கிழியும். மூட்டையளைக் கப் பக்கமா நெருக்கி அடுக்குங்கோ. பின் அச்சுக்குப் பின்னால பாரம் கூடினால் முன்சில்லு லேசாகி ஸ்ரியரிங் மிதக்கும். நைலோன் கயிறு இழுபடும், தம்புள்ளையில நிப்பாட்டி ஒருக்கா இறுக்குங்கோ. ரயர் காத்தைச் சூடேறமுதல் பாருங்கோ. பாரத்துக்குரிய அளவு சாரதிக் கதவடி ஸ்ரிக்கரில இருக்கும். வழுக்கல் ரயரோட ஏறுறது விசர் வேலை.

பதில் 3: பழுதானால் இடப்பக்க ஓரத்துக்கு எடுத்து நாலு சிக்னலையும் போடுங்கோ. இடக்கதவால இறங்கி, இரும்புத் தடுப்புக்கு அங்கால நிண்டு அதிவேகப் பாதை அவசர நம்பர் 1969க்குக் கோல் எடுங்கோ. ஓரத்தில நிண்டு தேத்தண்ணி குடிக்கேலாது. நுழையேக்க தாற ரிக்கற்றைக் கவனமா வையுங்கோ, இறங்கேக்க அதைப் பாத்துத்தான் காசு.