பாடுதொடர்: ஜாஸ் சோலோவின் 'ஃபிரேஸ்' என்பதற்கு ஒரு சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஜாஸ் கேட்கத் தொடங்குபவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு மூன்று நாளாக நகரவில்லை. சில கலைஞர்கள் சோலோ, அதாவது தனி வாசிப்பு, வாசிக்கும்போது சின்னச் சின்னத் துண்டுகளாக, இடைவெளி விட்டு வாசிக்கிறார்கள். கேட்டவுடன் நாமும் முணுமுணுக்கத் தொடங்கிவிடுகிறோம். அந்தத் துண்டுக்கு என்ன பெயர் வைக்கலாம்? இங்கே இசைக்காரர்கள் பலரும் 'ஃபிரேஸ்' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

என் கைவசம் இருப்பவை: சொற்றொடர், பிடி, எளிய மெல்லிசைத் தொடர், மூச்சடி. கடைசிச் சொல் நானே கட்டியது, ஊதுபவர் ஒரு மூச்சில் வாசிக்கும் அளவு என்ற பொருளில். அந்த நேரத்திலேயே உருவாக்கி வாசிக்கும் இம்ப்ரவைசேஷனுக்கு 'உடனாக்கம்' என்று எழுதியிருக்கிறேன், அதில் எனக்குக் குழப்பம் இல்லை. இதற்குத்தான் உங்கள் உதவி வேண்டும்.

* * *

மறு: சோலோவின் துண்டுக்குப் பெயர்

தம்பி, நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள்.

'சொற்றொடர்' இலக்கணத்துக்குப் போய்விட்டது, அங்கேயே இருக்கட்டும். 'பிடி' அழகான சொல்தான், ஆனால் அதற்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. ராகத்தின் முகத்தைக் காட்டும் துண்டு அது. ஒரு பிடியைக் கேட்டதும் 'தோடி' என்று சொல்லிவிடுகிறோம். ஜாஸ் துண்டுக்கு அந்தப் பொறுப்பு கிடையாது. 'மெல்லிசை' என்றால் நம் ஊரில் மேடைக் கச்சேரிதான் நினைவுக்கு வரும். கிளாரினெட் வாசிப்பவன் என்பதால் 'மூச்சடி' எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் கவுண்ட் பேஸி பியானோவில் இரண்டு மூன்று சுரத்தைத் தட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறாரே, அங்கே மூச்சுக்கு என்ன வேலை?

என் பெரிய மறுப்பு 'எளிய' என்பதன் மீது. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'சோ வாட்' எடுத்துக்கொள்ளுங்கள். 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில், முன்பு தேவாலயமாக இருந்து கொலம்பியா நிறுவனத்தின் ஸ்டுடியோவாக மாறிய கட்டடத்தில் பதிவானது. பாட்டின் ஒரு முழுச் சுற்றுக்கு 32 பார், அதாவது தாளக் கட்டம். முதல் 16 பார் ஒரே ஸ்கேல் (சுர வரிசை), அடுத்த 8 பார் அதே ஸ்கேல் அரைச்சுரம் மேலே, கடைசி 8 பார் மறுபடி பழைய இடம். பின்னணியில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களான கார்டுகள் அடிக்கடி மாறாததால் வாசிப்பவர் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. மைல்ஸ் டேவிஸ் இரண்டு சுற்று, அதாவது 64 பார் வாசிக்கிறார். சில சுரங்கள், அப்புறம் நிறுத்தம். அந்த இடைவெளியில் பால் சேம்பர்ஸின் பேஸ் (கீழ்ச்சுரத் தந்தி வாத்தியம்) நடந்துபோவது கேட்கிறது. மறுபடி டிரம்பெட் நுழையும்போது, சற்று முன் தானே கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது போல நுழைகிறது.

என் மகள் ஆறாம் வகுப்பு படித்தபோது ஒருநாள் காலையில் பையில் புத்தகம் அடுக்கிக்கொண்டே இந்த சோலோவின் தொடக்கத்தை அப்படியே முனகினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மைல்ஸ் நிறுத்தும் இடங்களில் அவளும் நிறுத்தினாள், மேசை விளிம்பை இரண்டு விரலால் தட்டி அளவு பார்த்துக்கொண்டு அடுத்த துண்டுக்குப் போனாள். அதே பதிவில் அடுத்து வரும் சாக்சபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனையும் அவள் அத்தனை முறை கேட்டவள்தான், ஆனால் அதை முனகியதில்லை. கோல்ட்ரேன் வாசித்தது எனக்கு உயிர். அது கேட்டு அண்ணாந்து பார்க்க வேண்டியது. மைல்ஸ் வாசித்தது நம் வாயில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

'எளிய' என்று போட்டால், வாசிப்பதும் எளிது என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். அந்த 64 பாரையும் எழுதிவைத்து நான் வாசித்துப் பார்த்திருக்கிறேன். விரலுக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் எங்கே தொடங்குவது, கடைசிச் சுரத்தை எவ்வளவு நேரம் பிடிப்பது, எப்படி விடுவது என்பதில் நூலளவு பிசகினாலும் பயிற்சிப் பாடம் போல ஆகிவிடுகிறது. இன்றுவரை எனக்கு அது சரியாக வரவில்லை.

ஆகவே சுரத்தை எண்ணாமல், கேட்பவர் என்ன செய்கிறாரோ அதையே பெயராக வைப்போம்: பாடுதொடர்.

ஊறுகாய் போல வினைத்தொகை. பாடிய தொடர், பாடுகின்ற தொடர், பாடும் தொடர் என்று மூன்று காலமும் உள்ளே இருக்கின்றன. வாசிப்பவர் இப்போது பாடுகிறார், நாம் நாளைக்குப் பாடுவோம். வினைத்தொகையில் வல்லினம் மிகாது, அதனால் 'பாடுத்தொடர்' என்று எழுதிவிடாதீர்கள். விடாமல் பாயும் நீண்ட வரிசைக்கு இதன் ஜோடியாக 'ஓடுதொடர்' வைத்துக்கொள்ளலாம். 1945-இல் சாக்சபோன் கலைஞர் சார்லி பார்க்கர் பதிவு செய்த 'கோ-கோ' நிமிடத்துக்கு 300 தாள அடியை ஒட்டிய வேகத்தில் பறக்கிறதே, அது ஓடுதொடர்.

இந்தச் சொல்லுக்குச் சாட்சியும் உண்டு. 1949-இல் ஜேம்ஸ் மூடி ஸ்வீடனில் 'ஐம் இன் த மூட் ஃபார் லவ்' பாட்டின் மேல் ஆல்டோ சாக்சபோனில் உடனாக்கமாக ஒரு சோலோ வாசித்தார். எடி ஜெஃபர்சன் அந்த சோலோவின் நெளிவுக்கெல்லாம் பாடல் வரி எழுதினார். 1952-இல் கிங் பிளெஷர் அதைப் பாடிப் பதிவு செய்தார். 'மூடிஸ் மூட் ஃபார் லவ்' என்று அது தனிப் பாட்டாகவே நிலைத்துவிட்டது. அந்த சோலோவில் சுரங்கள் ஒன்றும் குறைவில்லை, ஆனாலும் வாய்க்குப் பாட வந்தது. 'எளிய' என்ற அடைமொழி வைத்திருந்தால் இது வெளியே நின்றிருக்கும்.

* * *

மறு: மறு: சோலோவின் துண்டுக்குப் பெயர்

ஐயா, மிக்க நன்றி. ஓடுதொடர் உடனே பிடித்துவிட்டது. பாடுதொடரில் மட்டும் இரண்டு சந்தேகம்.

ஒன்று, பாடு என்றால் துன்பம் என்றும் பொருள் உண்டே, 'படாத பாடு' என்கிறோமே? இரண்டாவதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. லூயி ஆம்ஸ்ட்ராங் 1928-இல் வாசித்த 'வெஸ்ட் எண்ட் புளூஸ்'. தொடக்கத்தில் துணை வாத்தியம் எதுவும் இல்லாமல் டிரம்பெட் மட்டும் ஏறி இறங்கிப் பாய்கிறது. நீங்கள் சொன்ன ஓடுதொடர். ஆனால் கடைசிச் சுற்றில் ஒரே ஒரு உச்சச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறத்தாழ நான்கு பார் நிற்கிறார். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அந்த இடத்தில்தான் உடம்பு சிலிர்க்கிறது. ஒற்றைச் சுரத்தை எப்படித் தொடர் என்பது?

* * *

மறு: மறு: மறு: சோலோவின் துண்டுக்குப் பெயர்

முதல் சந்தேகத்துக்கு: 'பாடுபொருள்' என்று எத்தனையோ காலமாக எழுதுகிறோம், யாரும் துன்பப் பொருள் என்று படித்ததில்லை.

இரண்டாவதற்கு நேற்றிரவு அந்தப் பதிவை மறுபடி போட்டுக் கேட்டேன். தீ, பூ, கை எல்லாம் ஒரே எழுத்துதான், ஆனாலும் முழுச்சொல். இலக்கணத்தில் ஓரெழுத்தொருமொழி என்று அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆம்ஸ்ட்ராங்கின் அந்தச் சுரமும் அப்படித்தான். தொடங்குகிறது, நிற்கிறது, நம்மைக் காக்க வைக்கிறது, அப்புறம் உடைந்து கீழே இறங்குகிறது. இறங்கும் அந்தச் சுரங்களையும் சேர்த்தே ஒரு பாடுதொடராகக் கொள்ளுங்கள். நின்ற இடத்தை மட்டும் தனியாகக் குறிக்க வேண்டுமானால் 'நிலைச்சுரம்' போதும்.

* * *

மறு: மறு: மறு: மறு: சோலோவின் துண்டுக்குப் பெயர்

ஐயா, அப்படியே எடுத்துக்கொள்கிறேன். லெஸ்டர் யங் பகுதியில் முதல் தடவையாகப் போட்டுப் பார்த்தேன், படித்துச் சொல்லுங்கள்:

"1936-இல் பதிவான 'லேடி பி குட்' பாட்டில் லெஸ்டர் யங் டெனார் சாக்சபோனில் இரண்டு சுற்று வாசிக்கிறார். பாட்டின் வரிகள் தெரிந்திருந்தால்தான் அதை வாசிக்க முடியும் என்று நம்பியவர் அவர். முதல் தடவை கேட்கும்போது பாடுதொடர்களை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் தடவை, ஒவ்வொரு பாடுதொடரும் முடியும் இடத்தில் அவர் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார் என்று கவனியுங்கள்."