சேலத்துல தினமும் ஓட்ட சைக்கிள்: கியர் எடுக்கவா, சாதாவா? நாளைக்குள்ள சொல்லுங்க

வரவு_செலவு (இரவு 9.12)
வணக்கம். நாளைக்கு சாயந்திரம் கடைக்குப் போறேன், அதுக்குள்ள பதில் வேணும். தினமும் வேலைக்குப் போய்வர சைக்கிள். கையில 12,000 இருக்கு. 21 கியர், முன்னாடி ஷாக், ரெண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்குன்னு ஒண்ணு காட்டி 11,500 சொன்னாங்க. பக்கத்துலயே கியர் இல்லாத சாதா சைக்கிள் 7,000க்குள்ள இருந்துச்சு. சிட்டிக்குள்ளதான் ஓட்டுவேன். எது எடுக்க?

அடிவாரம் (9.20)
ப்ரோ, எங்கிருந்து எங்க போறீங்க? ஒரு வழி எத்தனை கிலோமீட்டர்? உங்க உயரம்? பின்னாடி ஏதாவது வெச்சுக் கட்டுவீங்களா? சேலம்னு மட்டும் சொன்னா பத்தாது. குகை ஏரியாவுல சமதளமா ஓட்டறதும் கோரிமேட்டு ஏத்தத்துக்கு மிதிக்கறதும் ஒண்ணா?

டிஸ்க்_மட்டும் (9.26)
யோசிக்கவே வேணாம் ப்ரோ, டிஸ்க் எடுங்க. ஐந்து ரோட்டுல பஸ்காரன் எப்ப குறுக்க வருவான்னு தெரியாது. மழையில ரப்பர் கட்டை பிரேக்கை நம்பி இறங்காதீங்க. நான் ஏற்காட்டிலிருந்து இறங்கறப்ப ஒரு தடவை பிரேக் பிடிச்சும் நிக்காம தடுப்புச்சுவர் வரைக்கும் போயிட்டேன். அன்னைக்கு முடிவு பண்ணினதுதான்.

இருபத்திரண்டு_இஞ்ச் (9.41)
தம்பி, ரெண்டையும் விடுங்க. பழைய 22 இஞ்ச் ஹெர்குலிஸ் ஒண்ணு தேடிப்பிடிச்சு ஓவராயில் பண்ணுங்க. கம்பி பிரேக், முழு செயின் கவர், ரெண்டு கால் ஸ்டாண்டு. எங்கப்பா அதுல ஒரு மூட்டை அரிசியும் என்னையும் வெச்சு அம்மாபேட்டைக்கு மிதிச்சிருக்கார். இப்ப நான் ஓட்டறேன்.

மலைப்பாதை (10.05)
இதே கேள்விக்கு இங்கே நான் பலமுறை விரிவாக எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். 12,000 ரூபாய்க்கு வரும் "21 கியர்" என்பது காகிதத்தில் மட்டுமே 21. முன் ஷாக் வெறும் ஸ்பிரிங், எடை கூடும், மிதிக்கிற பலத்தில் கொஞ்சத்தை அது தின்றுவிடும். இன்னும் பணம் சேர்த்து 700சி என்ற பெரிய, மெல்லிய சக்கரம் வைத்த ஹைப்ரிட் (ரோடு சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் இடைப்பட்டது) வாங்குங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள். பாதி விலையில் வாங்கிவிட்டு ஆறே மாதத்தில் மாடிப்படிக்கு அடியில் போடுபவர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது.

அடிவாரம் (10.11)
சார், அவங்க 12,000 இருக்குன்னு சொல்றாங்க. இல்லாத காசுக்கு வழி சொல்லி என்ன ஆகப்போகுது?

மலைப்பாதை (10.14)
உண்மையைச் சொன்னேன்.

இருபத்திரண்டு_இஞ்ச் (10.22)
டிஸ்க் தம்பி, ஏற்காட்டுப் பாதையில 20 கொண்டை ஊசி வளைவு. மேலேயிருந்து கீழ வரைக்கும் பிரேக்கைப் பிடிச்சபடியே இறங்கினா எதுவா இருந்தாலும் சூடேறும். விட்டு விட்டுப் பிடிக்கணும். அது கைப்பழக்கம், பிரேக்கோட குத்தம் இல்ல.

டிஸ்க்_மட்டும் (10.25)
அண்ணே, விட்டு விட்டுத்தான் பிடிச்சேன். பனி இறங்கி ரிம் நனைஞ்சிருந்துச்சு. உங்க கம்பி பிரேக்கோட ஒரு தடவை அங்க இறங்கிப் பாருங்க, அப்புறம் பேசலாம்.

இருபத்திரண்டு_இஞ்ச் (10.31)
இறங்கியிருக்கேன் தம்பி. ரெண்டு தடவை.

வரவு_செலவு (காலை 6.50)
எல்லாருக்கும் நன்றி. ஏற்காடு எல்லாம் போகமாட்டேங்க. விவரம் எழுதாதது என் தப்பு. நான் தம்பியும் இல்ல, ப்ரோவும் இல்ல, எனக்கு 43 வயசு. உயரம் 5 அடி 1 அங்குலம். சேலைதான் கட்டுவேன். வீடு கன்னங்குறிச்சி, செவ்வாய்ப்பேட்டையில ஒரு மண்டியில கணக்கு எழுதறேன். ஒரு வழி ஏழு கிலோமீட்டர் இருக்கும். காலையில சுலபமா வந்துடும், சாயந்திரம் வீட்டுக்குத் திரும்பறப்பதான் ஏத்தம். சாப்பாட்டுக்கூடை, ஒரு பை. கடைசியா சைக்கிள் ஓட்டினது பள்ளிக்கூடத்துல. அந்த 21 கியர் வண்டியில சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவுல போற பார் உயரமா இருந்துச்சு, பழகிடும்னு கடைக்காரர் சொன்னார்.

அடிவாரம் (6.58)
அக்கா, மன்னிச்சுக்கோங்க. அந்த 21 கியரை மறந்துடுங்க. பார் தாண்டி கால் போட முடியலைன்னா சிக்னல்ல நிக்கறப்ப சாய்ஞ்சுடுவீங்க. உயரம் பழகாது.

கோட்டம் (7.35)
அக்கா, நான் சைக்கிள் கடையில வளந்தவன். அப்பா இருந்தவரைக்கும் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து கோட்டம் எடுத்துட்டிருப்பேன், அதாவது ஆடுற சக்கரத்தை நேராக்குவேன். நீங்க சொன்னதை வெச்சு எனக்குத் தோணுறது இது.

பார் வளைஞ்சு இறங்கின ஃபிரேம் வேணும். லேடிபேர்ட் மாதிரி லேடீஸ் மாடல் எந்தக் கம்பெனியில எடுத்தாலும் சரி. செயின் கவர் முழுசா மூடியிருக்கணும், பின்சக்கரத்துக்கு டிரஸ் கார்டு கட்டாயம். சேலை முந்தானை போக்ஸ் கம்பியில சுத்திக்கிட்டா வண்டி நிக்காது, ஆள்தான் விழுவாங்க. எங்க கடைக்கு முன்னாடியே ஒரு அம்மா அப்படி விழுந்தாங்க. அப்பா கத்தரிக்கோலை எடுத்துக்கிட்டு ஓடினது இன்னும் கண்ணுல நிக்குது.

சாயந்திர ஏத்தத்துக்கு 21 கியர் எதுக்கு? சாதா சைக்கிள்ல செயின் ஓடுற பல்சக்கரத்துல பெரும்பாலும் முன்னாடி 44 பல், பின்னாடி 18 பல் இருக்கும். பெடல் ஒரு முழு சுத்து சுத்தினா அஞ்சு மீட்டர் போகும். பின்னாடி பல்சக்கரத்தை (ஃபிரீவீல்) மட்டும் 20 பல்லா மாத்தச் சொல்லுங்க. ஒரு சுத்துக்கு நாலரை மீட்டர்தான் போகும், ஆனா முட்டிக்கு வலி குறையும். சில நூறு ரூபாய் வேலை. செயின் நீளம் போதுமான்னு பக்கத்துலயே நின்னு பாருங்க.

கடையில வண்டியை வாங்கறதுக்கு முன்னாடி பின்சக்கரத்தைத் தூக்கிச் சுத்தி விடுங்க. ரிம் ரெண்டு பிரேக் கட்டைக்கும் நடுவுல ஒரே இடைவெளியில ஓடணும். சுத்தச் சுத்த ஒரு கட்டையை ஒட்டியும் விலகியும் ஆடினா கோட்டம் இருக்கு, எடுத்துட்டுத்தான் தரணும். பிறகு சீட்டுல உக்காந்து பெடல் கீழ வரும்போது குதிகாலை வைங்க, முட்டி நேரா நிக்கணும். அதுதான் உங்க அளவு. ஆனா இத்தனை வருஷம் கழிச்சு ஓட்டறீங்க, முதல் ஒரு வாரம் சீட்டை இன்னும் தாழ்த்தி வெச்சுக்கோங்க, கால் தரையில ஊனணும்.

டயர் பக்கவாட்டுல எழுதியிருக்கறதைப் போட்டோ எடுத்து வைங்க. 26 x 1 3/8ன்னும் இருக்கும், 26 x 1.75ன்னும் இருக்கும். ரெண்டும் 26தானேன்னு வாங்கிட்டு வந்தா ஒண்ணு இன்னொண்ணுக்கு ஏறாது. முதலாவது ரிம் 590 மில்லிமீட்டர், ரெண்டாவது 559. இந்தக் குழப்பத்துல டயரைத் திருப்பிக் கொடுக்க வந்தவங்க எத்தனையோ பேர்.

டிஸ்க்_மட்டும் (7.52)
எல்லாம் சரிண்ணா. பிரேக்கை மட்டும் விட்டுட்டீங்களே?

கோட்டம் (8.10)
விடலை. செவ்வாய்ப்பேட்டையில மூட்டை இறக்குற தெருவுல வண்டியை நெருக்கித்தான் நிறுத்த முடியும். பக்கத்து வண்டி சாய்ஞ்சா டிஸ்க் தகடு வளைஞ்சுடும், அப்புறம் சக்கரம் சுத்துறப்பல்லாம் உரசும். இந்த விலையில வர்ற டிஸ்க்ல கேபிள் இழுத்தா பெரும்பாலும் ஒரு பக்கத்துக் கட்டைதான் நகரும், அதை அடிக்கடி திருகி வைக்கணும். ரப்பர் கட்டைன்னா தெருமுனையில அஞ்சு நிமிஷத்துல மாத்திடலாம். நீங்க ஏற்காட்டுல வழுக்கினதுக்குக் காரணம் அநேகமா குரோம் பூசின இரும்பு ரிம். நனைஞ்சா அதுல கட்டை பிடிக்காது. அக்கா, அலுமினிய ரிம் இருக்கற மாடலாப் பாருங்க.

இருபத்திரண்டு_இஞ்ச் (8.15)
என் வண்டியிலயும் இரும்பு ரிம்தான். நாப்பது வருஷமா நிக்குது.

டிஸ்க்_மட்டும் (8.17)
வெயில்ல நிக்கும்ணே. மழையில?

மலைப்பாதை (8.40)
அவருடைய உயரம் முதலிலேயே தெரிந்திருந்தால் நான் ஹைப்ரிட் என்று சொல்லியிருக்க மாட்டேன். கோட்டம் சொல்வது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: மொத்தப் பணத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். பூட்டு, முன்விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, காற்றடிக்கும் பம்பு இவற்றுக்கு 1,500 ஒதுக்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. கணக்கு எழுதுகிறவர் நீங்கள், பில்லைப் பார்த்து வாங்குங்கள்.

இருபத்திரண்டு_இஞ்ச் (8.52)
அம்மா, தம்பின்னு கூப்பிட்டதுக்கு வருத்தப்படாதீங்க. கேரியர் இரும்புல இருக்கான்னு அழுத்திப் பாருங்க. சாப்பாட்டுக்கூடைக்கு முன்னாடி கூடை போதும்னு சொல்வாங்க. முன்னாடி பாரம் ஏறினா ஹேண்டில் பார் இழுக்கும்.

வரவு_செலவு (நாலு நாள் கழிச்சு, இரவு 8.30)
வாங்கிட்டேங்க. வளைஞ்ச பார், கியர் இல்ல, அலுமினிய ரிம். 20 பல் போட்டுக் கொடுத்தாங்க. பூட்டும் விளக்கும் சேர்த்தே 9,000 தாண்டலை. இன்னிக்கு கன்னங்குறிச்சி வரைக்கும் இறங்காம வந்தேன். கோட்டம் தம்பிக்கு ரொம்ப நன்றி.

கோட்டம் (8.44)
சந்தோஷம் அக்கா. டயர்ல என்ன அளவு போட்டிருக்கு? இங்கயே எழுதி வைங்க, பின்னாடி தேவைப்படும். ரெண்டு வாரம் ஓட்டினதும் ஒரு தடவை கடையில விட்டு போக்ஸ் கம்பியை இறுக்கச் சொல்லுங்க, புது வண்டியில தளரும்.

டிஸ்க்_மட்டும் (9.02)
அண்ணே, அந்த இரும்பு ரிம் விஷயம் கேட்கணும். எனக்கு அலுமினிய ரிம்தான்னு நினைக்கறேன். காந்தம் ஒட்டிப் பார்த்தா தெரியுமா?