புது விமான நிறுவனம் மலேசியாவுக்குப் பறக்க அரசாங்கம் ஏன் பேச வேண்டும்?

பள்ளத்தூர் பேரன்:
எங்கள் அப்பத்தாவுக்கு 78 வயது. வருஷத்துக்கு ஒரு தடவை கோலாலம்பூரில் இருக்கும் அத்தையைப் பார்க்கப் போவார். சீப்புச் சீடை டின்னை யாரிடமும் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு திருச்சி வரை காரில் வருவார், அங்கே கிடைப்பதோ இரண்டு மூன்று கம்பெனி விமானம்தான், டிக்கெட் விலையும் அவர்கள் வைத்ததுதான். புதிதாக வரும் கம்பெனி விமானம் வாங்கிவிட்டது, ஏற ஆளும் இருக்கிறது, அப்புறம் இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து பேச என்ன இருக்கிறது?

கானாடுகாத்தான் சுப்பு:
தம்பி, ஒரு நாட்டின் வான்வெளி அந்த நாட்டுக்கே சொந்தம். 1944 சிகாகோ ஒப்பந்தத்தில் உலகமே இதை ஒத்துக்கொண்டது. அதனால் இரண்டிரண்டு நாடாகப் பேசி, வாரத்துக்கு எத்தனை சீட், எந்தெந்த ஊர் என்று எழுதிக்கொள்கிறார்கள். நம் பங்கு சீட்டை விமானப் போக்குவரத்து அமைச்சகம் நம் கம்பெனிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். முதலில் வந்தவர்கள் நிறைய வாங்கி வைத்திருந்தால் புதிதாக வருபவருக்கு மிச்சம் இருக்காது. நம் நாட்டுப் புதுக் கம்பெனியான ஆகாசா ஏர் 2022 ஆகஸ்டில் பறக்க ஆரம்பித்தது. 20 விமானம் இருந்தால்தான் வெளிநாடு போகலாம் என்பது விதி (2016 வரை கூடவே 5 வருஷ அனுபவமும் கேட்டார்கள்), அதைத் தாண்டிய பிறகும் துபாய்க்கு இடமில்லை, ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்குச் சுமார் 66 ஆயிரம் சீட் என்ற கோட்டா நிரம்பிவிட்டது. 2024 மார்ச்சில் அவர்களின் முதல் வெளிநாட்டு விமானம் மும்பையிலிருந்து தோஹாவுக்குத்தான் கிளம்பியது.

தேவகோட்டை மாப்பிள்ளை:
சுப்பு அண்ணன் சொன்னதோடு ஊர்ப் பட்டியலையும் பாருங்கள். ஆசியான் (தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பு) நாட்டு விமானங்களுக்கென்று இந்தியா தனியாகத் திறந்துவிட்ட 18 சுற்றுலா ஊர்களில் திருச்சி உண்டு, மதுரை இல்லை. மலேசிய, சிங்கப்பூர் கம்பெனிகள் திருச்சிக்கு இத்தனை விமானம் விடுவதற்கு அது பெரிய காரணம். நம் நாட்டுக் கம்பெனிக்கு இந்தத் தடை கிடையாது, ஒதுக்கீடு கையில் இருந்தால் மதுரையிலிருந்தே கிளம்பலாம்.

பள்ளத்தூர் பேரன்:
சரி, அப்படியென்றால் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டியதுதானே?

கானாடுகாத்தான் சுப்பு:
அவசரப்படாதீர்கள். துபாய் இன்னும் 50 ஆயிரம் சீட் கேட்டபோது டெல்லி தயங்கியதில் நியாயம் உண்டு. இங்கே துபாய் கம்பெனி விமானத்தில் ஏறுகிறவர்களில் பலர் துபாயில் இறங்கி வேறு விமானம் மாறி லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போகிறவர்கள், அந்த வருமானம் முழுக்க அவர்கள் கம்பெனிக்கு. நம் ஊர்க் கணக்கு வேறு. பாட்டையா காலத்தில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனோம், கிட்டங்கி (தொழில் நடத்தும் இடம்) வைத்தோம், கோயில் கட்டினோம், இன்றைக்கும் போகிறவர்கள் சொந்தக்காரர் வீட்டுக்குத்தான் போகிறார்கள். மலேசியாவோடு பேசும்போது துபாய்க்கு வைக்கும் அதே அளவுகோலை வைப்பது எனக்குத் தப்பாகப் படுகிறது. மதுரையைப் பட்டியலில் சேர்த்துவிட்டு, பதிலுக்கு நம் புதுக் கம்பெனிக்குக் கோலாலம்பூரில் வசதியான நேரத்தில் இறங்க இடம் கேட்கலாமே.

பள்ளத்தூர் பேரன்:
இதையே மனுவாக எழுதி நம் பக்கத்து எம்.பி.க்களிடம் கொடுக்கப் போகிறேன். அண்ணன் வாசகத்தைப் பார்த்துத் திருத்தித் தர வேண்டும். இந்தத் தடவை அப்பத்தா தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக்கும் போக வேண்டும் என்கிறார்.