மலையக வர்த்தக நம்பிக்கைச் சுட்டெண்: 40 பேரிடம் கேட்டால் போதுமா?

ஹட்டன்_பேரேடு எழுதியது:

வணக்கம். வர்த்தக சங்கமொன்றுக்காகக் காலாண்டு வினாக்கொத்து ஒன்று தயாராகிறது. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்ட முகாமையாளர்கள், ஹோட்டல் நடத்துபவர்கள், மொத்த வியாபாரிகள், லொறி வைத்திருப்பவர்கள் என்று 40 பேர். மத்திய வங்கியின் கொள்வனவு முகாமையாளர் சுட்டெண் (கம்பனிகளிடம் தொழில் கூடியதா குறைந்ததா என்று கேட்டுப் போடும் எண்) நாடு முழுவதற்குமாகத்தான் வருகிறது, மலைநாட்டின் நிலைமை அதில் தனியாகத் தெரிவதில்லை. அதனால்தான் இந்த முயற்சி.

முக்கிய கேள்வி: "அடுத்த 6 மாதத்தில் மலையகப் பொருளாதாரம் எப்படி இருக்கும்?" விடைகள்: நல்லாயிருக்கும், பரவாயில்லை, மோசமாகும். இதை ஒரே எண்ணாக்குவது எப்படி? 40 பேர் போதுமா? ஒரு காலாண்டில் 58, அடுத்ததில் 62 என்று வந்தால் "நம்பிக்கை கூடியது" என்று பத்திரிகைக்குச் சொல்லலாமா?

சராசரி_சாமி எழுதியது:

எண்ணாக்குவது சுலபம். உங்கள் மூன்று விடைகளையும் கூடும், மாற்றமில்லை, குறையும் என்று எடுத்துக்கொள்வோம். "கூடும்" என்றவர்களின் வீதத்தோடு "மாற்றமில்லை" என்றவர்களின் வீதத்தில் பாதியைக் கூட்டுங்கள். 50 என்றால் நடுநிலை. உதாரணத்துக்கு 40 பேரில் 18 பேர் கூடும், 14 பேர் மாற்றமில்லை, 8 பேர் குறையும் என்கிறார்கள் என்று வைப்போம். 45% + 17.5% = 62.5.

58க்கும் 62க்கும் உள்ள வித்தியாசத்தை அறிக்கையில் போடாதீர்கள். மேலே உள்ள கணக்கில் மாதிரி வழு (எல்லாரிடமும் கேட்காமல் சிலரிடம் மட்டும் கேட்பதால் வரும் பிழை) கிட்டத்தட்ட ±12 புள்ளி. அதாவது உண்மையான எண் 50.6 முதல் 74.4 வரை எங்கேயும் இருக்கலாம். உங்கள் பகுதியில் கேட்கக்கூடியவர்களே மொத்தம் 120 பேர்தான், அதில் 40 பேரைப் பிடித்துவிட்டீர்கள் என்றால் வழு ±10க்குக் கொஞ்சம் கீழே இறங்கும். அப்போதும் 4 புள்ளி நகர்வு வெறும் தற்செயல் ஆட்டம்தான்.

இதற்கு மலிவான வைத்தியம் ஒன்று உண்டு. ஒவ்வொரு தடவையும் புதிய 40 பேரைத் தேடாமல் அதே 40 பேரிடமே கேளுங்கள். அப்போது "போன தடவை குறையும் என்றவர்களில் எத்தனை பேர் மாறினார்கள்" என்று நேராக எண்ணலாம், அது சுட்டெண்ணைவிட நம்பகமானது. ஒரு பொறி இருக்கிறது: கடையை மூடியவர் பட்டியலிலிருந்து காணாமல் போவார், தப்பியவர்களின் பதில் மட்டும் மிஞ்சி எண் தானாக ஏறும். மூடியவரை "குறையும்" பக்கத்தில் ஒரு காலாண்டாவது வைத்திருங்கள்.

கொழுந்துக்_கணக்கு எழுதியது:

முதலில் அந்த "பரவாயில்லை"யைத் தூக்குங்கள். நம்ம பேச்சில் அதற்கு இரண்டு அர்த்தம். ஒருவர் "மோசமில்லை, கொஞ்சம் நல்லது" என்று நினைத்து அதில் புள்ளடி போடுவார், இன்னொருவர் "ஏதோ ஓடுது" என்று போடுவார். "கூடும், மாற்றமில்லை, குறையும்" என்று வையுங்கள். சிங்கள வினாக்கொத்தையும் பக்கத்தில் வைத்து, மூன்று விடையும் ஒரே எடையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, "மலையகப் பொருளாதாரம்" என்று மொட்டையாகக் கேட்டால் செய்தியில் பார்த்ததைத்தான் சொல்வார்கள். தன் தொழில் பரவாயில்லாமல் ஓடும், நாடுதான் கெட்டுப்போகும் என்று நினைப்பது மனித சுபாவம். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். தன் தொழிலில் விற்பனை அளவு, விலை, ஆட்கள், முதலீடு என நான்காகப் பிரியுங்கள். அளவையும் விலையையும் சேர்த்துக் கேட்டால் 2022 போன்ற வருடத்தில் ஏமாந்துவிடுவீர்கள். அந்த மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் பக்கத்தில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 350 தாண்டியது. கொழும்புத் தேயிலை ஏலத்தில் ரூபாய் விலை ஏறியது, ஆனால் 2021 உரத் தடையால் விளைச்சல் விழுந்திருந்தது. "விற்பனை கூடியதா" என்றால் ஆமாம் என்றுதான் பதில் வரும்.

பருவத்தையும் கவனியுங்கள். திம்புள்ள பக்கத்தின் (ஹட்டன், தலவாக்கலை) தரமான தேயிலை ஜனவரி முதல் மார்ச் வரை, ஊவாவினுடையது (பண்டாரவளைப் பக்கம்) ஜூலை முதல் செப்டெம்பர் வரை. நுவரெலியா ஹோட்டல்களுக்கு ஏப்ரல்தான் சீசன். மஸ்கெலியா, நல்லதண்ணிக் கடைகளுக்கு டிசம்பர் பௌர்ணமி தொடங்கி வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரை. மார்ச் கடைசியில் "அடுத்த 6 மாதம்" என்று கேட்டால் நுவரெலியாக்காரர் ஏப்ரலை நினைத்துச் சிரிப்பார், மஸ்கெலியாக்காரர் மே மாதத்தை நினைத்து முகம் சுளிப்பார். "போன வருடம் இதே காலத்தோடு ஒப்பிட்டால்" என்ற வரியைக் கேள்விக்குள்ளேயே போடுங்கள்.

கேட்கும் நாளும் முக்கியம். தோட்டச் சம்பளம் 10ஆம் திகதிவாக்கில் வரும், 11, 12இல் டவுன் கடைக்காரரிடம் கேட்டால் உலகமே நல்லா இருக்கும். 15 முதல் 22 வரை நல்ல இடைவெளி. செவ்வாய், புதன் கொழும்பு ஏல நாள், தேயிலை ஆட்களை அன்று பிடிக்காதீர்கள்.

ஊவா_லெஜர் எழுதியது:

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது யாரிடம் கேட்கிறோம் என்பதுதான். 1992இல் வந்த பெருந்தோட்டக் கம்பனிகளின் தலைமை அலுவலகங்கள் கொழும்பில். தோட்டத்துத் தொரைக்கு (முகாமையாளருக்கு) விளைச்சலும் ஆள் வரவும் தெரியும். முதலீட்டு முடிவு அவர் கையில் இல்லை. அவரிடம் "அடுத்த வருடம் முதலீடு செய்வீர்களா" என்று கேட்டால் மரியாதைக்கு ஒரு பதில் கிடைக்கும். விளைச்சலையும் ஆட்களையும் அவரிடம் கேளுங்கள், முதலீட்டைக் கொழும்பில் கேளுங்கள், அதையும் "மலைநாட்டுத் தோட்டங்களுக்கு மட்டும்" என்று எழுதி.

கம்பனிக்காரர் மனசில் ஓடும் கணக்கு எதுவென்று தெரிந்தால் பதிலைப் படிப்பது எளிது. நாட்சம்பளத்தை 1,350இலிருந்து 1,550 ஆக்குவது என்றும், அதற்கு மேல் 200 ரூபாயை அரசு வருகை ஊக்குவிப்பாகத் தருவது என்றும் 2026 வரவு செலவுத் திட்டத்தில் வந்தது. ஒருவர் 20 கிலோ கொழுந்து எடுக்கிறார், நூறு கிலோ கொழுந்துக்கு 21.5 கிலோ தூள் விழுகிறது என்று வைத்தால் 4.3 கிலோ தூள். கம்பனியின் 200 ரூபாய் ஏற்றம் கிலோவுக்கு 46.50 ஆகிறது. ஊழியர் சேமலாப நிதி 12%, நம்பிக்கைப் பொறுப்பு நிதி 3% சேர்த்தால் 53.50. ஏலத்தில் இதைவிடக் கூடுதலாக விலை ஏறுமா என்பதுதான் அவருடைய "நம்பிக்கை". கொழுந்து வாங்கி அரைக்கும் பெக்டரிக்காரர் கணக்கு வேறு. ஏல வருமானத்தில் 68% கொழுந்து கொடுத்தவருக்கு, 32% பெக்டரிக்கு என்ற சூத்திரத்தில் அவர் நிற்கிறார். இந்த இரண்டு பேரையும் "தேயிலை" என்று ஒரே பெட்டியில் போடாதீர்கள்.

அடுத்தது நிறை, அதாவது யாருடைய பதிலுக்கு எவ்வளவு எடை என்பது. சாமி கொடுத்த 40 பேர் இப்படிப் பிரிந்தால்: தேயிலை 12 (3 கூடும், 5 மாற்றமில்லை, 4 குறையும்), சுற்றுலா 16 (10, 4, 2), கடையும் போக்குவரத்தும் 12 (5, 5, 2). சுட்டெண்கள் முறையே 45.8, 75, 62.5. தலை எண்ணினால் 62.5. வேலை செய்பவர் எண்ணிக்கைப்படி 60, 15, 25 என்று நிறை கொடுத்தால் 54.4. எல்லவில் ஆறு அறை வைத்திருப்பவரும் 600 பேர் வேலை செய்யும் தோட்டமும் ஒரே எடை என்றால், உங்கள் எண் மலையகத்தைச் சொல்லாது, யார் சட்டென்று போன் எடுத்தார்கள் என்பதைத்தான் சொல்லும்.

ஹட்டன்_பேரேடு எழுதியது:

நன்றி அண்ணே. விநியோக நேரம் (வாங்கிய சரக்கு வந்து சேர எடுக்கும் நேரம்) பற்றியும் ஒரு கேள்வி சேர்க்க நினைத்தோம், மத்திய வங்கி சுட்டெண்ணில் இருப்பதுபோல. சரிதானே?

ஊவா_லெஜர் எழுதியது:

வேண்டாம். அந்த முறையில் சரக்கு வரத் தாமதமானால் சுட்டெண் ஏறும், பொருளை வாங்க ஆட்கள் அதிகம் என்ற அனுமானத்தில். நமக்குத் தாமதம் வருவது மண்சரிவால். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் வீதிகளும் மலையக ரயில் பாதையும் உடைந்த மாதிரி நேரத்தில் அது தலைகீழாகக் காட்டும்.

இன்னொன்று, கொழுந்துக் கணக்கு சொன்ன "போன வருடம் இதே காலம்" என்ற வரி 2026 டிசம்பரில் கைவிட்டுவிடும். பாதை மூடிக் கிடந்த மாதத்தோடு ஒப்பிட்டால் எல்லாரும் "கூடும்" என்பார்கள். அந்தச் சுற்றில் மட்டும் "2024 டிசம்பரோடு ஒப்பிட்டால்" என்று இரண்டாவது வரி சேருங்கள்.

சராசரி_சாமி எழுதியது:

வெளியிடும்போது எண்ணுக்குப் பக்கத்தில் எத்தனை பேர் பதில் தந்தார்கள் என்று போடுங்கள். ஐந்து பேருக்குக் குறைவான துறையைத் தனியாக அச்சிடாதீர்கள். "தலவாக்கலை, மரக்கறி மொத்த வியாபாரம், 2 பேர், இருவரும் குறையும்" என்று வந்தால் அது யார் என்று பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவருக்கே தெரியும். அடுத்த காலாண்டில் அவர்கள் போனை எடுக்க மாட்டார்கள்.