மகனுக்கு அடிக்கடி சில்லுமூக்கு உடைகிறது, டெல்லிக் குளிரில் என்ன செய்வது?

துவாரகா அம்மா:

வணக்கம். போன ஜூனில்தான் மதுரையிலிருந்து மாற்றலாகி டெல்லிக்கு வந்தோம். மகனுக்கு ஏழு வயது. ஊரில் இருந்தவரை ஒரு தடவைகூட அவனுக்கு மூக்கில் ரத்தம் வந்ததில்லை. இங்கே டிசம்பர் பாதியிலிருந்து இன்றுவரை ஐந்து தடவை வந்துவிட்டது, அதில் மூன்று தடவை தூக்கத்தில். முந்தாநாள் காலையில் தலையணை உறை முழுக்க ரத்தக்கறையைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு ஆன்ட்டி ஓடி வந்தார். "நக்ஸீர்தான், பயப்படாதே" (சில்லுமூக்குக்கு இந்தியில் அந்தப் பெயர்) என்று சொல்லிவிட்டு, அவனைப் படுக்க வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, அந்தக் குளிரில் உச்சந்தலையில் பச்சைத் தண்ணீர் ஊற்றினார், வெங்காயத்தை வெட்டி மூக்கருகில் பிடித்தார். ரத்தம் நின்றது. ஆனால் கால் மணி நேரத்தில் வாந்தி எடுத்தான், அதில் கறுப்பும் சிவப்புமாக ரத்தம். அதைப் பார்த்து நான் இன்னும் பயந்துவிட்டேன். மாமியாரிடம் போனில் சொன்னால் அருகம்புல் சாற்றை மூக்கில் விடச் சொல்கிறார். அலுவலகத்தில் ஒருவர் கடுகெண்ணெய் என்கிறார்.

இதில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது? டாக்டரிடம் உடனே போக வேண்டுமா? ராத்திரி முழுக்க ப்ளோயர் ஹீட்டர் ஓடுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆர்.கே.புரம் அப்பா:

என் மகளுக்கு இதே கதை இரண்டு குளிர்காலம் நடந்தது, அதனால் உங்கள் பயம் எனக்குத் தெரியும். முதலில் ஒன்று. தலையைப் பின்னால் சாய்க்கவே கூடாது, படுக்கவும் வைக்கக் கூடாது. அப்படிச் செய்தால் ரத்தம் நிற்பதில்லை, தொண்டை வழியாக உள்ளே இறங்குகிறது, அவ்வளவுதான். வெளியே வராததால் நின்றுவிட்டது போலத் தெரியும். உங்கள் மகன் வாந்தி எடுத்தது பெரும்பாலும் அதனால்தான். விழுங்கிய ரத்தம் வயிற்றைப் புரட்டும்.

நிமிர்ந்து உட்கார வைத்து, தலையைக் கொஞ்சம் முன்னால் குனியச் சொல்லுங்கள், மடியில் ஒரு கிண்ணம். பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மூக்கின் மெத்தென்ற பகுதியை இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். நான் முதல் வருடம் முழுக்கத் தப்பான இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்: கண்ணாடி உட்காரும் எலும்பை. அங்கே எவ்வளவு அழுத்தினாலும் பயன் இல்லை. எலும்பு முடிந்து சதை தொடங்குகிறதே, அதற்குக் கீழே, நாற்றமடித்தால் பொத்திக்கொள்வோமே அந்த இடம்.

அப்புறம் நேரம். பத்து நிமிடம், கடிகாரம் பார்த்து, நடுவில் ஒரு தடவைகூட எடுக்காமல். "நின்றுவிட்டதா" என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை விட்டுப் பார்த்தால் உறைந்துகொண்டிருப்பது கலைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். குழந்தைக்குப் பத்து நிமிடம் என்பது யுகம். நாங்கள் ஒரு கார்ட்டூனைப் போட்டுவிட்டு அது முடியும்வரை பிடிப்போம். வாயால் மூச்சு விடச் சொல்லுங்கள், வாயில் வரும் ரத்தத்தைத் துப்பச் சொல்லுங்கள். பத்து நிமிடம் கழித்தும் வந்தால் இன்னொரு பத்து நிமிடம்.

நின்ற பிறகு அன்று முழுக்க மூக்கைச் சிந்தக் கூடாது, நோண்டக் கூடாது. சூடான பாலும் சூப்பும் வேண்டாம், ஆறவைத்துக் கொடுங்கள். பந்தாட்டமும் ஒரு நாள் நிற்கட்டும்.

முனிர்க்கா பாட்டி:

கண்ணு, நான் 1978ல் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். எங்கள் வீட்டில் சில்லுமூக்கு உடைந்தால் அருகம்புல் சாறுதான், தலையில் குளிர்ந்த தண்ணீர்தான். "உடம்புச் சூடு" என்பார்கள். இங்கே வந்த முதல் மே மாதம் லூ என்னும் அனல் காற்றடித்தபோது என் பெரியவனுக்கும் வந்தது. என் மாமியார் சொன்னபடி எல்லாம் செய்தேன், நின்றது. அதனால் பெரியவர்கள் சொன்னது எல்லாம் தப்பு என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். ஊரில் கோடையில் வந்தது இங்கே கோடையிலும் வருகிறது, குளிரிலும் வருகிறது. மழை பெய்யும் ஆடி ஆவணியில் யாருக்கும் வருவதில்லை. அப்படியென்றால் சூடு என்று சொன்னது பாதி வறட்சியைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் ராத்திரி அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வை, ஈரத் துண்டு ஒன்றை நாற்காலியில் விரித்துப் போடு, பிள்ளையைத் தண்ணீர் குடிக்க வை. குளிரில் தாகம் தெரியாது, நாமாகத்தான் கொடுக்க வேண்டும். படுக்கும் முன் நல்லெண்ணெய் இரண்டு சொட்டு மூக்கில் விட்டால் உள்ளே காயாமல் இருக்கும். அருகம்புல் வேண்டுமென்றால் கோயில் பக்கம் பூக்காரரிடம் தூப் என்று கேள், கொடுப்பார்.

செவிலியர், லாஜ்பத் நகர்:

காது மூக்குத் தொண்டைப் பிரிவில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். பாட்டி கவனித்துச் சொன்னது மிகச் சரி, வறட்சிதான். மூக்கின் இரண்டு துவாரங்களுக்கும் நடுவில் இருக்கும் தடுப்புச் சுவரின் முன்பக்கம், விரல் நுனி எட்டும் தூரத்தில், பல ரத்தக் குழாய்கள் வந்து பின்னிக் கிடக்கும் ஓர் இடம் இருக்கிறது. லிட்டில்ஸ் ஏரியா என்போம். பத்தில் ஒன்பது பேருக்கு ரத்தம் அங்கிருந்துதான் வருகிறது, குழந்தைகளுக்குக் கிட்டத்தட்ட எப்போதும் அங்கேதான். அதன் மேல் இருக்கும் தோல் மிக மெல்லியது. குளிர்ந்த காற்றில் நீராவி குறைவு. அதே காற்றை ஹீட்டர் சூடாக்கும்போது அறை இன்னும் காய்ந்துபோகிறது. தோல் வறண்டு வெடித்து, பொருக்கு தட்டி, அரித்து, பிள்ளை தூக்கத்தில் விரலை விட்டால் போதும். இதோடு நவம்பரிலிருந்து இந்த ஊர்ப் புகை வேறு. ஆர்.கே.புரம் சார் சொன்ன இடத்தை அழுத்தினால் நிற்பதும் இதனால்தான், அந்தக் குழாய்கள் நேராக விரலுக்கு அடியில் இருக்கின்றன.

வைத்தியங்களைப் பற்றி. வெங்காயம் முகர்வதால் ரத்தம் நிற்காது, தும்மல் வந்தால் அதிகமாகத்தான் வரும். நெற்றியிலோ மூக்கின் மேலோ குளிர்ந்த துணி வைக்கலாம், பெரிய பிள்ளையானால் ஐஸ் துண்டைச் சப்பலாம், ஆனால் அழுத்துவதை விட்டுவிட்டு அதைச் செய்யக் கூடாது. ஜனவரியில் தலையில் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். பல சமயம் சிறிய கசிவு தானாகவே நின்றுவிடும், அந்த நேரத்தில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோமோ அதற்குப் பெயர் போய்விடுகிறது.

பாட்டி, கோபித்துக்கொள்ளாதீர்கள், மூக்கில் எதையும் சொட்டு விட மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். புல்லை எப்படிக் கழுவினோம், அரைத்த அம்மியும் துணியும் சுத்தமா என்பது தெரியாது, உள்ளே இருப்பது திறந்த புண். சிலர் விடும் எலுமிச்சைச் சாறு எரியும். எண்ணெய் படுத்திருக்கும் பிள்ளைக்கு நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா மாதிரியான தொல்லை கொடுக்கக் கூடும், கடுகெண்ணெயும் அப்படித்தான். அதற்குப் பதில் மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர் மூக்குச் சொட்டு, குழந்தைகளுக்கானது, ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை விடலாம். வாஸ்லைனை மிகக் கொஞ்சமாக, பட்டாணி அளவுகூட வேண்டாம், துவாரத்தின் உள்விளிம்பில் சுண்டுவிரலால் தடவுங்கள், படுக்கப்போகும் நேரத்தில் அல்ல, கொஞ்சம் முன்னதாக. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். ஹீட்டரை அறை சூடானதும் அணைத்துவிட்டு ரஜாயைப் போர்த்துங்கள். மூக்கடைப்புக்கு விற்கும் ஸ்ப்ரேயை டாக்டர் சொல்லாமல் குழந்தைக்கு அடிக்காதீர்கள். பஞ்சைத் திணிக்காதீர்கள், எடுக்கும்போது பொருக்கோடு பிய்த்துக்கொண்டு வரும்.

எப்போது ஓட வேண்டும்: சரியாக அழுத்தியும் இருபது முப்பது நிமிடத்தில் நிற்காவிட்டால், ஊற்றுகிற மாதிரி வந்தால், தலையில் அடிபட்ட பிறகு வந்தால், பிள்ளை வெளிறி மயக்கமானால், இரண்டு வயதுக்குக் கீழே என்றால். ஈறிலும் ரத்தம், காரணமில்லாமல் உடம்பில் நீலத் தடிப்பு என்றாலும் தாமதிக்க வேண்டாம். உங்கள் பையனுக்கு ஒரு மாதத்தில் ஐந்து தடவை வந்திருக்கிறது. அவசரம் இல்லை, ஆனால் இந்த வாரத்துக்குள் ஒரு காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

துவாரகா அம்மா:

இவ்வளவு பேர் பதில் சொன்னதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொன்று கேட்க மறந்தேன். அவனுக்கு எப்போதும் இடது பக்கம் மட்டும்தான் வருகிறது. அதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

செவிலியர், லாஜ்பத் நகர்:

பெரும்பாலும் இல்லை. அந்தப் பக்கம் ஒரு புண் இருக்கும், ஆறுவதற்குள் மறுபடி கிள்ளிவிடுகிறான். ஆனால் அதே பக்கம் சளி நாற்றத்தோடு வந்தால் உள்ளே மணியோ ஸ்பாஞ்சோ போட்டுவிட்டானா என்று பார்க்க வேண்டும். கடிகாரத்திலும் பொம்மையிலும் இருக்கும் பொத்தான் பேட்டரி என்று சந்தேகம் வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது, அது உள்ளேயே சதையை அரித்துவிடும். டாக்டரிடம் இடது பக்கம் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். குழாய் மேலாகத் தெரிந்தால் வெள்ளி நைட்ரேட் குச்சியால் தொட்டு மூடுவார்கள், மரத்துப்போக மருந்து வைத்துத்தான் செய்வார்கள்.

மயூர் விஹார் மகன்:

குழந்தைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், ஆனால் இதைப் படிக்கும் யார் வீட்டிலாவது பெரியவர்கள் இருப்பார்கள். அப்பாவுக்கு 71 வயது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை சாப்பிடுகிறார். நவம்பரில் ஒரு ராத்திரி மூக்கில் ரத்தம் வந்தது, முன்னால் கொஞ்சமாகத்தான் வந்தது, ஆனால் தொண்டையில் இறங்கிக்கொண்டே இருந்தது. நாங்கள் ஐஸ், ஈரத்துணி, தலைக்குத் தண்ணீர் என்று ஒரு மணி நேரத்தை வீணாக்கினோம். அவசரப் பிரிவில் போய்ப் பார்த்தால் பிரஷர் 190. மூக்கின் பின்பக்கத்திலிருந்து கசிகிறது என்று சொல்லி, ரத்தத்தை அடைக்க உள்ளே பேக்கிங் வைத்து இரண்டு நாள் தங்க வைத்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மனது ஆறவில்லை.

இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மூக்கை அழுத்திக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், 112 என்ற அவசர எண் போதும். பயந்துபோய் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், நான் நிறுத்தியிருப்பேன், அங்கிருந்த டாக்டர்தான் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் என்று தடுத்தார்.

முனிர்க்கா பாட்டி:

செவிலியர் பெண்ணே, எதற்குக் கோபம். என் வீட்டுக்காரரும் அதே மாத்திரைதான் சாப்பிடுகிறார், இதைப் படித்ததும் அவர் பிரஷரைப் பார்த்துக் குறித்து வைத்தேன். எண்ணெய் விடுவதை நிறுத்திவிடுகிறேன். தண்ணீர்ப் பாத்திரம் வைக்கலாம்தானே?

செவிலியர், லாஜ்பத் நகர்:

தாராளமாக வையுங்கள் பாட்டி. ஹீட்டர் ஒயர் பக்கம் மட்டும் வேண்டாம், தண்ணீரை தினமும் மாற்றுங்கள்.

துவாரகா அம்மா:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். டாக்டரிடம் காட்டினோம். இடது பக்கச் சுவரில் பொருக்கு இருந்தது, வேறு ஒன்றும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது. தடவ ஒரு களிம்பு கொடுத்திருக்கிறார், இப்போதைக்குக் குச்சி வைக்கத் தேவையில்லை என்றார். ப்ளோயரைப் பத்து மணிக்கு அணைத்துவிடுகிறோம்.

நடுவில் போன வியாழக்கிழமை ஒரு தடவை வந்தது, பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில். முன்னால் குனிந்து உட்கார்ந்து அவனே மூக்கைப் பிடித்துக்கொண்டான், நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழாவது நிமிடத்தில் விட்டுப் பார்க்கலாமா என்று எனக்குத்தான் கை துறுதுறுத்தது, அவன் தலையாட்டி வேண்டாம் என்றான். பத்தாவது நிமிடத்தில் எடுத்தோம், நின்றிருந்தது, வாந்தியும் இல்லை. பள்ளி வேனை விட்டுவிட்டோம். வெங்காயத்தோடு வந்த கீழ்வீட்டு ஆன்ட்டிக்கும் எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன், அவருடைய பேத்திக்கும் அடிக்கடி வருமாம்.